சிறிய வயிறுகள்: மூளை அறையிலிருந்து இதயத்துக்குப் போன ஒரு குழாய்

நோயாளி

1955 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தான். அவனுக்கு முதுகின் அடிப்பகுதியில் முதுகெலும்பு மூடியிருக்கவில்லை. அந்தத் திறப்பு வழியாகத் தண்டுவடமும் அதன் உறையும் ஒரு பை போலப் பிதுங்கி நின்றன. கருவின் நாலாவது வாரத்தில் நரம்புக் குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் இப்படி ஆகும். கர்ப்பம் என்று தாய்க்கு உறுதியாவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் பிசகு இது.

குழந்தையை பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே அவனைப் பார்த்தவர் நரம்பியல் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ். முதுகுக் கோளாறு போதாதென்று அடுத்ததும் வந்தது: தலைக்குள் நீர் கோத்துக்கொண்டு, மண்டை வீங்கத் தொடங்கியது. இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இது நேர்கிறது. சிறுமூளையின் ஒரு பகுதி கழுத்துப் பக்கம் கீழே இறங்கி, மூளை நீர் வெளியே வரும் வாசலை நெருக்கிவிடும்.

குழந்தையின் அப்பா ஜான் ஹோல்டர். மருத்துவம் படித்தவர் இல்லை. பூட்டு செய்கிற கம்பெனியில் இயந்திர வேலை பார்த்தவர். அவர் பெயர் இந்த ஆய்வின் பின்பாதியில் திரும்ப வரும். அதற்குமுன், குழந்தையின் தலைக்குள் என்ன அடைத்துக்கொண்டது, அடைபட்ட நீரைக் கொண்டுபோய் இதயத்தில் விடலாம் என்று ஒரு மருத்துவருக்கு ஏன் தோன்றியது என்பதைப் பார்க்க வேண்டும். வெண்ட்ரிக்கிள் என்ற ஒரே பெயரை இரண்டு உறுப்புகளில் கேட்டுக் குழம்பியவர்களுக்கு இந்தக் குழந்தையின் கதையைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஒரே பெயர்

லத்தீனில் 'வென்ட்ரிகுலஸ்' என்றால் சிறிய வயிறு. உடலை அறுத்துப் பார்த்த பழைய காலத்து ஆட்கள், உள்ளே வெற்றிடமாகத் தெரிந்த பைகளுக்கெல்லாம் வயிறு என்றே பெயர் வைத்தார்கள். இதயத்தில் இரண்டு, மூளையில் நான்கு. பெயர் வைத்தவர்கள் பார்த்தது வடிவத்தை மட்டும்தான். வேலை என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்ததும் தவறு. மூளையின் அறைகளில் மனம் குடியிருக்கிறது, முன்னறையில் கற்பனை, நடு அறையில் அறிவு, பின்னறையில் நினைவு என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகப் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதையும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர் கெட்டியானது, அதில் வழி கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் மறுபக்கம் போகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் எழுதிவைத்தார். ஐரோப்பாவில் அந்தக் கணக்கு முழுதாகச் சரிவர 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி வரவேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரையில் இதயத்தில் உள்ளதைக் கீழறை என்றும், மூளையில் உள்ளதை மூளை அறை என்றும் சொல்கிறேன்.

மூளை அறைகள்

பெருமூளையின் இரண்டு பாதிகளுக்கும் உள்ளே ஆளுக்கொன்றாக இரண்டு பக்க அறைகள் இருக்கின்றன. ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்தவை. முன்நெற்றிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, பின்பக்கம் போய், கீழே திரும்பிக் காதோரம் வந்து முடியும். பின்னால் ஒரு வால் பிடரிப் பக்கமாக நீளும். இந்த வடிவத்தை மனதில் பிடிப்பது கஷ்டம். லியனார்டோ டா வின்சி மாட்டு மூளையின் அறைகளுக்குள் உருக்கிய மெழுகைச் செலுத்தி, இறுகியதும் சதையை நீக்கி, அச்சை எடுத்து வரைந்தார். படத்தில் பார்த்ததைவிட அச்சில் பார்த்தால்தான் இந்த அறைகள் பிடிபடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இரண்டு பக்க அறைகளும் ஆளுக்கொரு சிறு துளை வழியாக நடுவிலுள்ள மூன்றாவது அறைக்குள் திறக்கின்றன. மன்றோ துளை என்று பெயர். மூன்றாவது அறை, அறை என்று சொல்லக்கூடத் தகுதியில்லாத ஒரு பிளவு. மூளையின் நடுவில் பக்கத்துக்கொன்றாக உள்ள தலாமஸ் என்ற இரண்டு நரம்புத் திரள்களுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும். அதன் கீழ்க்கோடியிலிருந்து மூளைத்தண்டின் ஊடே ஒரு குழாய் இறங்குகிறது. சில்வியஸ் கால்வாய். அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மூளை அறைகள் முழுவதிலும் மிகக் குறுகலான இடம் அதுதான். அடைப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான். கால்வாய் போய்ச் சேருவது நாலாவது அறைக்கு. முன்னால் மூளைத்தண்டு, பின்னால் சிறுமூளை, நடுவில் சாய்சதுரத் தரையோடு ஒரு கூடாரம் மாதிரி அது நிற்கும். நாலாவது அறைக்கு மூன்று வாசல்கள். அவற்றின் வழியாக நீர் வெளியேறி மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நிரம்புகிறது.

இந்த நீரைச் சுரப்பது கோராய்டு பின்னல். அறைகளின் சுவரில் தொங்கும், ரத்த நாளங்கள் நிறைந்த குஞ்சம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் அளவுக்கு, அதாவது மணிக்கு 20 மில்லிலிட்டர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்தில் அளந்தாலும் மொத்தம் இருப்பது 150 மில்லிலிட்டர்தான். அதிலும் அறைகளுக்குள் இருப்பது 25 மில்லிலிட்டர் சொச்சம். அப்படியானால் ஒரே நாளில் மூன்று நாலு முறை முழு நீரும் புதிதாக மாறிவிடுகிறது. ஒரு பக்கம் சுரந்துகொண்டே இருக்க, மறுபக்கம் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். வடிகால் பெரும்பாலும் மண்டையின் உச்சியில் ஓடும் பெருஞ்சிரைக் குடாவில் இருக்கிறது. மூளையைப் போர்த்தியிருக்கும் சிலந்திவலை உறையிலிருந்து சின்னச் சின்ன மொட்டுகள் அந்தச் சிரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் அவற்றின் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். மூக்கை ஒட்டிய நிணநீர் நாளங்கள் வழியாகவும் கொஞ்சம் போகிறது.

சரி, இந்த நீர் எதற்கு? 1,400 கிராம் மூளை இந்த நீரில் மிதக்கும்போது அதன் எடை 50 கிராம் போலத்தான் உணரப்படும். இல்லாவிட்டால் மூளை தன் சொந்தப் பாரத்திலேயே அடிப்பக்க நரம்புகளை நசுக்கிக்கொள்ளும். அடி விழுந்தால் தாங்கும் மெத்தையும் இதுதான். மூளையின் கழிவுகளைக் கழுவிக்கொண்டு போவதும் இதுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூளை அறையின் சுவரில் தசை இல்லை. அது சுருங்காது, விரியாது, எதையும் தள்ளாது. உள்ளே மெல்லிய செல் அடுக்கு ஒன்று. அதன்மேல் நுண்ணிய மயிரிழைகள் அலைந்து நீரைக் கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவுதான். அறையால் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. வந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் முடியும். வடிகால் அடைபட்டுப்போனாலும் கோராய்டு பின்னல் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். அறை வீங்கும். சுற்றியுள்ள மூளை மண்டையோட்டை நோக்கி நசுங்கி மெலியும்.

பெரியவர்களுக்கு மண்டையோடு இறுகிய பெட்டி. ரத்தம், நீர், மூளை மூன்றில் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். இல்லையேல் அழுத்தம் விரைவில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டிக்கொள்ளவில்லை. அதனால் தலை பெருக்கும். உச்சிக்குழி மேடிட்டுத் துடிப்பு இழக்கும். நெற்றிச் சிரைகள் புடைக்கும். கண்மணி கீழிமைக்குள் இறங்கி, மேலே வெள்ளை தெரியும். அஸ்தமனச் சூரியன் என்று இதை மருத்துவர்கள் சொல்வார்கள். ஹோல்டரின் மகன் இருந்த வார்டில் இந்தக் கண்களை அவர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள்.

இதயக் கீழறைகள்

இதயம் வேறு ரகம். இங்கே அறை என்பது வெற்றிடத்தைவிட அதைச் சுற்றியுள்ள தசைதான். இடது கீழறையின் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்பு. வலது கீழறைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இடது கீழறை வட்டமாக இருக்கும். வலது கீழறை அதன்மேல் ஒட்டிக்கொண்ட பிறை நிலா. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ரத்தத்தைத் தள்ளுகின்றன, ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். தள்ளும் தூரம்தான் வேறு. இடது கீழறை தலை முதல் கால் வரை உடம்பு முழுக்க அனுப்ப வேண்டும். 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும், 25 போதும்.

சுருங்குவதும் நேராக அமுக்குவது போல இல்லை. தசை இழைகள் சுருள் சுருளாக ஓடுவதால் இடது கீழறை ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு சுருங்குகிறது. நிரம்பியிருந்த 120 மில்லிலிட்டரில் 70 வெளியேறும். 50 உள்ளேயே தங்கும். முழுக்கக் காலியாவதில்லை என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நம் நோயாளிக்கு முக்கியம் வால்வுகள். ஒவ்வொரு கீழறைக்கும் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. வலதில் மூவிதழ் வால்வு, நுரையீரல் வால்வு. இடதில் ஈரிதழ் வால்வு, பெருந்தமனி வால்வு. இவற்றைத் திறக்கவும் மூடவும் எந்தத் தசையும் இல்லை. ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் திறக்கும், மறுபக்கம் கூடினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூடும். உள்வால்வுகளின் இதழ் நுனிகளில் நூல் போன்ற நாண்கள் கட்டியிருக்கும்; கீழறை சுருங்கும்போது சிறு தசைகள் அந்த நாண்களை இழுத்துப் பிடிக்கும். இதழைத் திறப்பதற்காக அல்ல, குடை காற்றில் மறுபக்கம் புரள்வது போல இதழ் மேலறைக்குள் (கீழறைக்கு மேலே, ரத்தம் முதலில் வந்து சேரும் அறை) புரண்டுவிடாமல் இருப்பதற்காக. பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் பலரும் இதைத் தலைகீழாக ஞாபகம் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வால்வு இல்லாவிட்டால் இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கினாலும் ரத்தம் முன்னும் பின்னும் அலையுமே தவிர ஒரு திசையில் போகாது.

இரண்டையும் இணைக்கும் பாதை

மூளை அறைக்குத் தள்ளும் சக்தி இல்லை என்றேன். ஆனால் உள்ளே இருக்கும் நீர் அசையாமல் கிடப்பதும் இல்லை. எம்.ஆர்.ஐ. கருவியில் நீரோட்டத்தை அளந்தால், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் சில்வியஸ் கால்வாயில் நீர் கீழே ஒரு துள்ளல், பிறகு மேலே ஒரு துள்ளல் போவது தெரியும். இடது கீழறை சுருங்கியதும் மண்டைக்குள் ரத்தம் பாய்கிறது. பெட்டி இறுக்கமாக இருப்பதால் அந்த இடத்துக்கு நீர் கொஞ்சம் விலகித் தண்டுவடப் பக்கம் இறங்குகிறது. கீழறை ஓய்ந்ததும் திரும்புகிறது. உச்சிக்குழியில் கைவைத்தால் தெரியும் துடிப்பும் இந்த ரத்தப் பாய்ச்சலின் எதிரொலிதான்.

பாதையை முழுதாக எழுதிப் பார்த்தால் ஒன்று புரியும். இடது கீழறை தள்ளிய ரத்தம் கோராய்டு பின்னலுக்குப் போகிறது. அங்கே நீராகச் சுரக்கிறது. அறைகளில் இறங்கி, மூளையைச் சுற்றி, உச்சிச் சிரையில் கலக்கிறது. கழுத்துச் சிரை வழியாக இறங்கி, மேற்பெருஞ்சிரையில் சேர்ந்து, வலது மேலறைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து வலது கீழறை. ஆகவே மூளை அறையின் நீரை வலது மேலறையில் கொண்டுபோய் விடுவது விபரீத யோசனை இல்லை. அது போக வேண்டிய இடமே அதுதான். நடுவில் ஒரு துண்டுப் பாதை அடைபட்டிருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குழாய் வேண்டும், அவ்வளவே.

அளவும் பயப்படும்படியானது இல்லை. நிமிஷத்துக்கு 5 லிட்டர் என்றால் இதயம் ஒரு நாளில் 7,200 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் இந்த அரை லிட்டர் எந்த மூலைக்கு?

அதற்கு முன் செய்து பார்த்தவை

நீர் கோத்த தலைக்கு வைத்தியம் தேடியவர்கள் செய்த காரியங்களைப் படித்தால் வயிறு கலங்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டியும் கென்னத் பிளாக்ஃபேனும் நாய்களின் சில்வியஸ் கால்வாயை அடைத்து, அடைப்புக்கு மேலுள்ள அறைகள் வீங்குவதை 1914-இல் நிரூபித்தார்கள். காரணம் தெளிவானது, தீர்வு தெளிவாகவில்லை. சுரப்பதையே நிறுத்திவிடலாம் என்று கோராய்டு பின்னலை வெட்டி எடுத்துப் பார்த்தார் டேண்டி. பல குழந்தைகள் பிழைக்கவில்லை. பாஸ்டனில் டொனால்ட் மாட்சன் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, அதன் சிறுநீர்க்குழாயில் மூளை நீர்க் குழாயைச் செருகினார். நீர் சிறுநீர்ப்பைக்கு வடிந்தது. வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் உடம்பிலிருந்த உப்பும் சேர்ந்து போனது. ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் குழந்தையின் நிலைமை கைமீறிவிடும். நல்ல சிறுநீரகம் ஒன்றைப் பலிகொடுப்பது வேறு.

ரத்தத்தில் கலப்பதே சரி என்பது பலருக்கும் தெரிந்திருந்தது. அங்கே தடுத்தது ஒரே ஒரு சிக்கல். சிரையில் அழுத்தம் குறைவு என்றாலும் அது நிலையாக இருப்பதில்லை. குழந்தை அழுதால், இருமினால், முக்கினால் ஏறும். அந்த நொடியில் ரத்தம் குழாய்க்குள் பின்னோக்கி வரும். வந்த ரத்தம் உறையும். உறைந்தால் குழாய் அடைபடும். வெறும் குழாய் எத்தனை நாள் தாங்கும்?

1949-இல் ஃபிராங்க் நல்சனும் ஸ்பிட்ஸும் ஒரு குழந்தைக்கு மூளை அறையிலிருந்து கழுத்துச் சிரைக்குக் குழாய் வைத்தார்கள். நடுவில் சுருள்வில்லும் குண்டும் கொண்ட வால்வு. நீர் முன்னே தள்ளினால் குண்டு விலகும், ரத்தம் பின்னே தள்ளினால் குண்டு வாயை அடைத்துக்கொள்ளும். யோசனை சரி. ஆனால் உடம்புக்குள் வருஷக்கணக்கில் கிடந்து உழைக்கும் அளவுக்கு அந்தக் கருவி தேறவில்லை.

அப்பா செய்த வால்வு

ஹோல்டரின் மகன் ஸ்பிட்ஸிடம் வந்தபோது நிலைமை இதுதான். வழி தெரியும், கதவு இல்லை. ஸ்பிட்ஸ் இதை ஹோல்டரிடம் விளக்கியிருக்கிறார். மருத்துவர்கள் நோயாளியின் வீட்டாரிடம் பேசுவது எல்லாம் இப்படிப் பலன் தந்துவிடாது. இங்கே எதிரில் உட்கார்ந்திருந்தவர் பூட்டும் சாவியும் அழுத்தமும் அளவும் தெரிந்த ஆள். அவருக்கு இது நோயாக அல்ல, பட்டறையில் தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலாகத் தெரிந்தது.

ரப்பர் குழாயில் ஊசி குத்தி எடுத்தால் குத்திய இடம் கசியாமல் தானே மூடிக்கொள்வதை மருத்துவமனையில் கவனித்ததுதான் அவருக்குப் பொறி என்று சொல்வார்கள். மீள்தன்மை உள்ள குழாயில் ஒரு சின்ன கீறல். உள்ளிருந்து அழுத்தம் வந்தால் கீறலின் உதடுகள் விலகும். அழுத்தம் போனால் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் இன்னும் இறுக்கமாகச் சேரும். குண்டும் இல்லை, வில்லும் இல்லை. பெருந்தமனி வால்வின் இதழ்களும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. இதயத்தைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை; ஒரே சிக்கலுக்கு இதயமும் ஹோல்டரும் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

பொருள் எது என்பது அடுத்த கேள்வி. கொதிநீராவியில் கிருமி நீக்கினால் உருமாறக் கூடாது. உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சுற்றிப் புண்ணாக்கக் கூடாது. சிலிக்கோன் ரப்பர் அந்த இரண்டிலும் தேறியது. பிற்காலத்தில் உடம்புக்குள் வைக்கும் எத்தனையோ கருவிகளுக்கு அதே பொருள் வந்ததற்கு இந்தச் சிறு வால்வும் ஒரு காரணம்.

சில வாரங்களில் வால்வு தயாராகிவிட்டது. இரண்டு முனையிலும் கீறல் வால்வு, நடுவில் அமுக்கக்கூடிய ஒரு சிறு குழாய்த் துண்டு. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் உட்காரும். விரலால் அமுக்கினால் நீர் முன்னே போகும், விட்டால் மூளை அறையிலிருந்து வந்து நிரம்பும். அமுங்க மறுத்தால் அடைப்பு இதயப் பக்கம். அமுங்கிய பள்ளம் மேலே எழாவிட்டால் அடைப்பு மூளைப் பக்கம். இதை முழுக்க நம்ப முடியாது, ஆனாலும் ஸ்கேன் இல்லாத காலத்தில் விரல் நுனியில் இவ்வளவு தெரிந்ததே பெரிய விஷயம்.

1956-இல் முதல் வால்வு வைக்கப்பட்டது. ஹோல்டரின் மகனுக்கு அல்ல. அவன் அப்போது அறுவையைத் தாங்கும் நிலையில் இல்லை. வேறொரு குழந்தைக்கு வைத்தார்கள், வேலை செய்தது. பிற்பாடுதான் அவனுக்கு. இதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பூடன்ஸ் தனியாக, குழாயின் இதயப்பக்க நுனியிலேயே கீறல் வைத்த வால்வு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

குழாய் ஏன் கீழறைக்குப் போகவில்லை

பாதை இப்படி: மண்டையில் ஒரு துளை, அதன் வழியாகப் பக்க அறைக்குள் ஒரு முனை. காதுக்குப் பின்னால் வால்வு. கழுத்தில் ஒரு கிளைச் சிரையைத் திறந்து, அதன் வழியாக உட்கழுத்துச் சிரை, மேற்பெருஞ்சிரை, வலது மேலறை. மூளை வெண்ட்ரிக்கிளில் தொடங்குகிற குழாய் இதய வெண்ட்ரிக்கிளில் முடிவதில்லை. ஒரு விரல் தூரம் முன்னாலேயே, மேலறையில் நிறுத்துகிறார்கள்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். படுத்திருக்கும் பெரியவருக்கு மூளை அறையில் அழுத்தம் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். வலது மேலறையில் 2 முதல் 6. நீர் மேலிருந்து கீழே தானாக இறங்கும். வலது கீழறையிலோ ஒவ்வொரு துடிப்புக்கும் 25-க்கு ஏறும். அந்த நேரத்தில் ஓட்டம் நின்றுபோகும். அதோடு குழாய் மூவிதழ் வால்வின் நடுவே நீட்டிக்கொண்டிருந்தால் இதழ்கள் சரியாக மூடாது. நுனி கீழறைச் சுவரைத் தொட்டால் தசை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். ஆகவே ஊடுகதிர்ப் படத்தில் நுனி ஆறாவது, ஏழாவது மார்பு முள்ளெலும்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடுதலாக இறங்கினாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து.

இன்னொரு பக்க விளைவு உட்கார்ந்தால் வரும். தலை இதயத்துக்கு மேலே 20, 30 சென்டிமீட்டர் உயரம் போனதும், குழாயிலுள்ள நீர்த்தூணின் பாரமே கீழே இழுக்கும். அளவுக்கு மேல் வடிந்தால் மூளை அறைகள் கோடு போலச் சுருங்கிவிடும். மூளை மண்டையிலிருந்து விலகி, நடுவிலுள்ள சிறு சிரைகள் கிழிந்து ரத்தம் கசியும். வீக்கத்துக்குச் செய்த வைத்தியம் சுருக்கத்தில் போய் நிற்கும். அதனால்தான் வால்வுகளைப் பல அழுத்த அளவுகளில் செய்யவேண்டி வந்தது.

பின்தொடர்தல்

ஹோல்டரின் மகன் ஐந்து வயதளவில் இறந்துவிட்டான். அப்பா வால்வு செய்வதை நிறுத்தவில்லை. பழைய வேலையை விட்டு, அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வு உலகம் முழுக்கப் போனது.

போன இடமெல்லாம் நன்றாகவே ஓடியது என்றும் சொல்ல முடியாது. 1960-இல் நியூயார்க்கில் ஒரு கைக்குழந்தை விபத்தில் தலையில் அடிபட்டு நீர் கோத்துக்கொண்டது; அவனுக்கு வைத்த வால்வு திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. அந்தக் குழந்தையின் அப்பா எழுத்தாளர் ரோல்ட் டால். அவர் ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும், லண்டனில் கென்னத் டில் என்ற அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு அடைப்புக்கு இடம்தராத வேறொரு வால்வைச் செய்தார். மூவர் பெயரிலும் அது வேட்-டால்-டில் வால்வு ஆயிற்று. ஒரே நோய்க்கு இரண்டு அப்பாக்கள் இரண்டு வால்வு செய்தார்கள் என்பது மருத்துவ வரலாற்றில் வேறெங்கும் நடந்ததாகத் தோன்றவில்லை.

இதயத்தில் விட்ட குழாய்க்கு மெல்ல மெல்ல இதயமும் விலை கொடுத்தது. மேலறையில் கிடக்கும் நுனியைச் சுற்றி ரத்தம் கட்டியாக உறையும். உடைந்த துணுக்குகள் வலது கீழறை வழியாக நுரையீரல் நாளங்களில் போய்ச் சிக்கும். வருஷக்கணக்கில் இப்படிச் சேர்ந்தால் நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறும். 25-க்குப் பழகிய மெல்லிய சுவருள்ள வலது கீழறை, 50-க்கும் 60-க்கும் எதிராகத் தள்ள வேண்டி வரும். அது தடிக்கும், பிறகு தளரும். மூளை அறையின் வீக்கத்தைக் குறைத்த குழாய் இதயக் கீழறையை வீங்கவைத்த நோயாளிகள் இருக்கிறார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் மறக்க முடியாத இடம் இதுதான்.

கிருமித் தொற்று வேறு. தோலில் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா குழாயில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ரத்தத்தில் சிறிது சிறிதாகக் கசியும். உடம்பு அதற்கு எதிராகச் செய்த புரதக் கலவைகள் சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படியும். சிறுநீரில் ரத்தம் வரும். 1965-இல் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது, தலையில் வைத்த குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் விழித்திருப்பார்கள். குழாயை எடுத்தால் பெரும்பாலும் சிறுநீரகம் தேறிவிடும்.

இது எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தை வளர்கிறது. குழாய் வளர்வதில்லை. கழுத்து நீள நீள மேலறையிலிருந்த நுனி ஒவ்வொரு முள்ளெலும்பாக மேலே ஏறி, கடைசியில் சிரைக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி அறுவை, நீளக் குழாய். வளர்ந்து முடிவதற்குள் ஒரு பிள்ளைக்கு இது பல முறை நடக்கும்.

இதனால்தான் 1970-களிலிருந்து பெரும்பாலான மருத்துவர்கள் இதயத்தை விட்டுவிட்டு வயிற்றுக்கு மாறினார்கள். இன்று சிலருக்கு மூன்றாவது அறையின் தரையில் உள்நோக்கிக் கருவியால் ஒரு துளை போட்டாலே போதும், குழாயே வேண்டாம். மற்றவர்களுக்குக் குழாய் காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்து, மார்பு வழியே தோலுக்கு அடியில் ஓடி, குடலைச் சூழ்ந்த உறைக்குள் முடிகிறது. அந்த உறை நீரை உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். இதிலும் குழந்தைகளில் முதல் வருஷத்துக்குள் பத்தில் நாலு அடைத்தோ தொற்றுப் பிடித்தோ பழுதாகின்றன. இருந்தாலும் பழுது இதயத்தைத் தொடுவதில்லை. மேலறையில் செய்ய முடியாத ஒன்றை இங்கே செய்யலாம்: தேவைக்கு மேல் நீளமான குழாயைச் சுருட்டி உள்ளே விட்டுவிடலாம். பிள்ளை வளர வளரச் சுருள் தானாக அவிழ்ந்துகொடுக்கும். சிறிய வயிறு என்று பெயர் வாங்கிய அறையின் நீர் இப்போது வடிவது நிஜமான வயிற்றுக்குள்.